அப்பாவின் சைக்கிளும் ஓர் இயந்திரமும்

அப்பாவுக்கு வயது 63. இன்றுவரை அவர் சாலையில் மோட்டார் ஓட்டியதில்லை. சித்தியவான் வட்டாரத்தில் இப்படி ஓர் ஆண்பிள்ளையைத் தேடிப் பிடிப்பது சிரமம். தோட்டத்தில் பிறந்தவர்கள் பதினைந்து வயதிலேயே யாருடைய கப்சாயிலாவது ஏறிப் பழகிவிடுவார்கள். அப்பா மட்டும் சைக்கிள். கேட்டால், “மோட்டாரு எனக்கு ஒத்துக்காது. மிதிச்சா ஒடம்புக்கு நல்லது” என்பார். பிள்ளைகள் நாங்கள் அதை அப்படியே நம்பினோம்.

நான் படிவம் ஒன்றில் சேர்ந்தபோது தோட்டம் செம்பனைக்கு மாறி, மரம் சீவும் வேலை போய், நாங்களும் லயத்தை விட்டு மலிவு வீட்டுக்கு வந்திருந்தோம். அப்பாவுக்குப் பட்டணத்தில் ஒரு வன்பொருள் கடையில் வேலை. பள்ளி பஸ்ஸுக்குக் கட்ட முடியாத வருமானம். ஆகவே காலையில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மிதிப்பார். பால் வாளி கட்டித் தூக்கிய அதே பழைய கறுப்பு சைக்கிள். கேரியரில் ஒரு மூட்டைத் துணியை மடித்துக் கட்டியிருப்பார், எனக்கு வலிக்காமல் இருக்க. மழை வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே பிளாஸ்டிக் விரிப்பு.

மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் மோட்டாரில் வந்து இறக்கிவிட்டு, புகையைக் கிளப்பிக்கொண்டு போவார்கள். நான் பள்ளி வாசலுக்கு முன்னாலிருக்கும் பஸ் நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்வேன். “ஏன் பாப்பா, வாசல் வரைக்கும் வரேனே” என்று முதல் வாரம் கேட்டார். அதற்கப்புறம் கேட்கவில்லை. அவராகவே பஸ் நிறுத்தத்தில் நிறுத்திவிடுவார். இது எழுதுவதற்குச் சுகமான விஷயமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இயந்திரக் கதையைச் சொல்ல முடியாது.

அவருடைய அறுபதாம் பிறந்தநாளுக்குத் தம்பியும் நானும் சேர்ந்து ஒரு குரூசர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தோம். தடித்த 26 அங்குல டயர், அகலமான சீட்டு, மாட்டுக்கொம்பு மாதிரி பின்னால் வளைந்த கைப்பிடி. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். கியர் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் நிற்கும். அப்பா அதற்கு வைத்த பெயர் ‘படகு’. பிடித்துத்தான் இருந்தது. ஆனால் படகு கனமானது. போன வருடம் முட்டி வலி தொடங்கியதிலிருந்து அவர் மெதுவாகக் குறைத்துக்கொண்டார். முதலில் சந்தை நின்றது. பிறகு கூட்டாளிகளோடு தே தாரிக் குடிக்கும் கடை. வெள்ளிக்கிழமைக் கோயில் மட்டும் மிச்சம். எங்கள் தாமானுக்குள் பஸ் வருவதில்லை. தம்பி சிங்கப்பூரில், நான் பினாங்கில். அம்மாவிடம் போனில் பேசும்போதெல்லாம், “ஒங்கப்பா வாசல்லயே ஒக்காந்திருக்காரு” என்பார்.

எனக்கு வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் கைப்பேசியில் அந்தக் காணொளியைப் பார்த்தேன். யாரோ ஒருவர் இதே மாதிரி குரூசர் சைக்கிளில் சின்ன இயந்திரம் ஒன்றைப் பொருத்தி, மிதிக்காமல் கடற்கரையோரம் போய்க்கொண்டிருந்தார். அன்று இரவே வாங்கிவிட்டேன். 500 வெள்ளிக்குச் சற்று மேல். தைப்பூச விடுமுறையோடு இரண்டு நாள் சேர்த்து எடுத்துக்கொண்டு, பெட்டியைக் காரில் வைத்துச் சித்தியவானுக்கு வந்தேன்.

பெட்டியைத் திறந்ததும் அப்பா பேசவில்லை. வன்பொருள் கடையில் இருபது வருடம் நின்றவர் அல்லவா, முதலில் நட்டு போல்ட்டுகளை எடுத்து அளவு வாரியாகத் தரையில் அடுக்கினார். ஒரு போல்ட்டை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது மட்ட இரும்பு. இறுக்குனா தலை துண்டாயிரும். எல்லாத்தையும் மாத்திக்குவோம்” என்றார். பிறகுதான் இயந்திரத்தைக் கையில் தூக்கினார். “இதுவா என்னைத் தூக்கப் போவுது?”

பெட்டியில் 80 சிசி என்று பெரிதாகப் போட்டிருந்தது. பழக்கதோஷத்தில் வெர்னியர் கேலிப்பரை எடுத்து அளந்தேன். சிலிண்டரின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 38. கணக்குப் போட்டால் 66 சிசிதான் வருகிறது. இந்த வகை இயந்திரங்கள் பலவற்றிலும் இப்படித்தான். பெட்டியில் இருக்கும் எண் சிலிண்டரில் இருக்காது. அப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. “ஒரு கிலோ ஆணியும் அப்படித்தான் இருக்கும்” என்றார்.

சைக்கிளில் இயந்திரம் மாட்டுவது ஒன்றும் புதுமையல்ல. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாயின் பூர்வீகமே அதுதான். போர் முடிந்து ஜப்பானில் பஸ்ஸும் இல்லாமல், எண்ணெயும் கிடைக்காமல் கிடந்த 1946-ஆம் ஆண்டில், ஹமாமட்சு நகரில் சோய்ச்சிரோ ஹோண்டா ஒரு வேலை செய்தார். ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த சிறு இயந்திரங்கள் போருக்குப் பின் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றை வாங்கிச் சைக்கிளில் பொருத்தினார். முதல் வண்டிக்கு எண்ணெய்த் தொட்டி எது தெரியுமா? குளிருக்குப் படுக்கையில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்க் குடுவை. ஓட்டிப் பார்த்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர். 1952-இல் ‘கப்’ என்ற பெயரில், சைக்கிளின் பின்சக்கரத்தோரம் மாட்டுகிற இயந்திரம் வந்தது. வெள்ளைத் தொட்டி, சிவப்பு இயந்திரம். ஜப்பான் முழுவதும் உள்ள சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டே அதை விற்றார்கள். 1958-இல் முழு மோட்டாராக ‘சூப்பர் கப்’. 2017-இல் அந்த வரிசையில் 10 கோடியாவது வண்டி தயாரானது. அந்தக் ‘கப்’போடு, சீனத்தில் ‘குட்டி’ என்று பொருள்படும் ‘சாய்’ சேர்ந்து நமக்குக் ‘கப்சாய்’ ஆயிற்று. தமிழ்நாட்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்கு இதே இடத்தில் இருப்பது டிவிஎஸ் 50. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த, பெடல் வைத்த வண்டி.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டேதான் வேலையைத் தொடங்கினேன். அவர் கேட்ட மாதிரியும் இருந்தது, கேட்காத மாதிரியும் இருந்தது. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் சிக்கல் அரை மணி நேரத்திலேயே வந்தது. இயந்திரத்தைச் சீட்டுக்குக் கீழே வரும் குழாயிலும், முன்னாலிருந்து சாய்வாக இறங்கும் குழாயிலும் கவ்விப் பிடிக்க வேண்டும். பின்கவ்வி சரியாக உட்கார்ந்தது. முன்கவ்வியின் வாய் சிறியது. குரூசரின் சாய்குழாயோ மூங்கில் தடிமன். கூட வந்த தாளில், குழாயில் ஓட்டை போட்டு நீளமான போல்ட்டைச் செருகச் சொல்லிப் படம் போட்டிருந்தது. நான் டிரில்லை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

“எலும்புல ஓட்ட போடாத பாப்பா. அங்கதான் ஒடியும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. சுமையும் அதிர்வும் சேர்ந்து இறங்கும் குழாய் அது. நடுவில் துளை போட்டால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கம்போங் கோவில் அவருக்குத் தெரிந்த ஒரு பற்றுவைப்புப் பட்டறைக்குப் போனோம். லாரி சைலன்சரைப் பிடிக்கும் U வடிவக் கவ்வியை ஓர் இரும்புத் தகட்டில் வைத்துச் செய்து கொடுத்தார்கள். குழாய்க்கும் கவ்விக்கும் நடுவில் பழைய டியூபை வெட்டிச் சுற்றினோம். திரும்பி வரும் வழியில் கம்போங் கோவின் பூண்டு மிளகாய்ச் சாறு இரண்டு போத்தல் வாங்கினோம். இந்தப் பக்கம் வந்துவிட்டு அதை வாங்காமல் போனால் அம்மா கேட்பார்.

இரண்டாவது வேலை பின்சக்கரத்துப் பல்சக்கரம். இதுதான் உயிரை எடுத்தது. சைக்கிளின் சொந்தச் செயின் வலப்பக்கம் ஓடுகிறது. இயந்திரத்தின் செயின் இடப்பக்கம் ஓட வேண்டும். அதற்கு 44 பல் கொண்ட ஒரு வளையத்தை ஸ்போக் கம்பிகளின் மேலேயே வைத்து, உள்ளே ஒரு ரப்பர் வட்டு, வெளியே ஒரு ரப்பர் வட்டு வைத்து, 9 போல்ட் போட்டு நசுக்கிப் பிடிக்க வேண்டும். கம்பிதான் தாங்குகிறது, வேறு எதுவும் இல்லை. ஒரு போல்ட் கூடுதலாக இறுகினால் வளையம் சாய்ந்துவிடும். சாய்ந்தால் செயின் கழன்றுவிடும். போதாக்குறைக்கு, பெடல் பிரேக்கின் இரும்புக் கையும் இடப்பக்கம்தான். வளையத்தின் நடுத்துளை அதில் இடித்தது. அரத்தை எடுத்து ராவினோம். நான் பத்து நிமிடம், அப்பா அரை மணி நேரம்.

பிறகு சக்கரத்தைக் கவிழ்த்து வைத்துச் சுற்றவிட்டு, ஒரு பென்சிலை வளையத்தின் ஓரத்தில் அசையாமல் பிடித்தார். எந்த இடத்தில் பென்சில் உரசுகிறதோ அங்கே கோடு விழும். அந்த இடத்துக்கு எதிரே உள்ள போல்ட்டைக் கால் சுற்று. மறுபடி சுற்று, மறுபடி கோடு. தொழிற்சாலையில் இதற்கு நாங்கள் பல ஆயிரம் வெள்ளி விலையுள்ள அளவுமானி வைத்திருக்கிறோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கேலிப்பரை வைத்துப் பார்த்தேன். கோணல் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ்.

மூன்றாவது, அப்பா கேட்ட கேள்வி. “ஓடும், சரி. நிக்கிறதுக்கு என்ன வச்சிருக்க?” பெடல் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும். மிதிக்கும் வேகத்துக்கு அது போதும், இயந்திர வேகத்துக்குப் போதாது. மிதிக்கும் செயின் கழன்றால் அதுவும் இல்லை. முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் வாங்கப் பட்டணத்தில் அப்பாவுக்குப் பழக்கமான சைக்கிள் கடைக்குப் போனோம். சித்தியவானில் சைக்கிள் கடைக்குத் தனி சரித்திரம் உண்டு. 1924-இல் இங்கே பிறந்து, பின்னாளில் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவராகி நாட்டையே பேசவைத்த சின் பெங்கின் அப்பாவும் இந்த ஊரில் சைக்கிள், டயர், உதிரிபாகக் கடை நடத்தியவர்தான். நாங்கள் போன கடையின் தவுக்கே எண்பதைத் தொட்டவர். அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு, “லோரோங் பெலாகாங் போலே லா. ஜாலான் பெசார் ஜாங்கான்” என்றார். பின் சந்தில் ஓட்டு, பெரிய சாலைக்குப் போகாதே. நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியாக, இயந்திரச் செயின் தொய்யாமல் அழுத்திப் பிடிக்கும் சின்ன உருளை. பின்குழாயில் கவ்வி, இரண்டு போல்ட். அவ்வளவுதான். அப்பா அதை ஆட்டிப் பார்த்தார். “இந்தக் கவ்வி திரும்பும். ஒரு குத்து போல்ட் போட்டு நிறுத்தணும்.” இருட்டிவிட்டது. “நட்டுக்குப் பசை போட்டிருக்கேன்ப்பா, அசையாது” என்றேன். தரக்கட்டுப்பாடு பார்க்கிறவளின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

மறுநாள் காலை, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 62 மில்லிலிட்டர் எண்ணெய் கலந்தோம். புது இயந்திரத்துக்குப் பதினாறுக்கு ஒன்று என்பது கணக்கு. தாமானுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்து மண்சாலை. கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு பத்து மிதி மிதித்து, பிடியை விட்டேன். டபடபவென்று இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. சத்தம் புல்வெட்டும் இயந்திரம் மாதிரி. புகை வாசமும் அதேதான். இரண்டு பக்கமும் செம்பனை மட்டைகள் ஓட, கால் அசையாமல் காற்று முகத்தில் அடிக்க, எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பி வந்து, “நீங்க ஏறுங்கப்பா” என்றேன்.

“இருக்கட்டும். சங்கிலி எப்படி ஓடுதுன்னு பாரு.”

“நல்லாதான் ஓடுது. ஏறுங்க.”

“முன் பிரேக் இன்னும் கொஞ்சம் இறுக்கணும்.” இறுக்கினார். “சீட்டு ஒசரம்.” இறக்கினார். “வெயில் வந்துருச்சு, சாயங்காலம் பாக்கலாம்.” சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டார், நடந்தே.

எனக்குக் கோபம். அவருக்காக வாங்கி, அவருக்காக லீவு எடுத்து, நகமெல்லாம் கிரீஸாகி நிற்கிறேன். இரவு அடுப்படியில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அம்மா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அவரு ஏறமாட்டாரு. அவருகிட்ட லைசென்ஸ் இல்ல.”

“இது சைக்கிள்ம்மா.”

“இஞ்சின் வச்சா அது சைக்கிளா? ஏன் லைசென்ஸ் எடுக்கலன்னு அவரையே கேளு. நான் சொல்லமாட்டேன்.”

படுக்கையில் கைப்பேசியைத் திறந்து, வாங்குவதற்கு முன் படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, இயந்திரத்தால் ஓடி, சாலையில் பயன்படும் எதுவும் மோட்டார் வாகனம்தான். பதிவு வேண்டும், சாலை வரி வேண்டும், மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேண்டும், ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும். வீட்டு வாசலில் மாட்டிய இயந்திரத்துக்கு எந்த எண் பலகை? 2021-இல் வந்த விதிகள் மின்ஸ்கூட்டர் போன்ற குட்டி வாகனங்களைக்கூடச் சாலையில் ஓட்டக் கூடாது என்று தடுத்திருக்கின்றன. ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில், லுமுட் போகும் லாரிகளுக்கு நடுவில், காப்புறுதியே இல்லாத ஒரு வண்டியில் அப்பாவை ஏற்றிவிடப் பார்த்திருக்கிறேன். யார் மேலாவது மோதினால்? தொழிற்சாலையில் ஒரு திருகாணியை மாற்ற ஒரு பக்கம் படிவம் நிரப்புகிறவள் நான். வீட்டில் ஒரு காணொளி போதுமானதாக இருந்திருக்கிறது.

இத்தனையும் தெரிந்த பிறகும் மறுநாள் விடியற்காலை வண்டியை எடுத்துக்கொண்டு மண்சாலைக்குப் போனேன் என்றால், அதைப் பிடிவாதம் என்றுதான் சொல்ல வேண்டும். மண்சாலைதானே என்று ஒரு சமாதானம். முந்தின நாளைவிடக் கொஞ்சம் வேகம். பாலத்தைத் தாண்டிய பள்ளத்தில் சக்கரம் குதித்தது. அந்த அதிர்வில் கவ்வி திரும்பி, உருளை நேராகக் கம்பிகளுக்குள் போனது. பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. வண்டி பக்கவாட்டில் இழுபட்டு, நான் செம்மண்ணில் கிடந்தேன். முழங்கையில் தோல் போனது, முட்டியில் இரத்தம். எலும்பு ஒன்றும் ஆகவில்லை. விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 63 வயதில், அந்த முட்டியோடு அவர் விழுந்திருந்தால் என்று நினைத்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை.

சத்தம் நின்றதைக் கேட்டு அப்பா வந்தார். நடையும் ஓட்டமுமாக, சட்டைப் பையில் ஸ்பேனரோடு. என் கையைத் திருப்பிப் பார்த்தார், சட்டைத் துணியால் துடைத்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். “ஏழு கம்பி” என்றார். நான் சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

வீட்டு வாசலில் இயந்திரத்தைக் கழற்றினோம். மாட்ட ஒன்றரை நாள், கழற்ற ஒன்றரை மணி நேரம். பின்கவ்வி நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமலே அவர் சொன்னார்.

“இருவத்தஞ்சு வயசு இருக்கும். லைசென்ஸ் எடுக்கப் போனேன். அப்ப வாயால கேப்பாங்க. பலகையில படம் மாட்டியிருந்துச்சு. எல்லாம் தெரியும் எனக்கு. நில்லு, வழி விடு, வளைவு வருது... தமிழ்ல கேட்டா தூக்கத்துல சொல்லுவேன். மலாய்ல கேட்டாங்க. நாலாவதோட பள்ளிக்கூடத்த விட்டவன் நான். தோட்டத்துல எல்லாம் தமிழ்தான். வாய் வரல. பின்னால வரிசையில நின்னவனுங்க சிரிச்சானுங்க. ரெண்டாவது தடவ போனேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்.”

“லைசென்ஸ் இல்லாம எத்தனை பேர் ஓட்டுறாங்கப்பா. தோட்டத்துல பாதிப் பேரு...”

“ஓட்டட்டும். நானும் தோட்டத்துக்குள்ள ஓட்டிப் பாத்தவன்தான். ரோட்டுல நீ பின்னால ஒக்காந்திருக்கும்போது எவனாச்சும் நிறுத்தி, ஓம் முன்னால லைசென்ஸ் கேட்டா?”

நட்டு கழன்று வந்துவிட்டது. அதைத் தரையில், அதன் அளவுக்குரிய வரிசையில் வைத்தார். நான் பஸ் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டதை அவரிடம் பேச வேண்டும் என்று வாய் வரை வந்தது. பேசவில்லை. முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. சாலைப் போக்குவரத்து இலாகாவின் சட்டத் தேர்வை இப்போது கணினியில் எழுதலாம், மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து. 50 கேள்விகள், 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. நான் இதே சித்தியவானில் பதினெட்டு வயதில் அந்தத் தேர்வை எழுதியவள். திரையில் ‘தமிழ்’ என்ற பொத்தானைப் பார்த்த ஞாபகமும் இருக்கிறது. மலாயை அழுத்திவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அப்பா நம்பவில்லை. “தமிழ்லயா? கவர்மெண்டா?” மாதிரிக் கேள்விகளை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் படிப்பதுபோல் உதடு அசைய ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். தினசரி தவறாமல் தமிழ்ப் பேப்பர் படிக்கிறவர், ராசிபலன் முதல் மரண அறிவிப்பு வரை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்று உலகம் முடிவு கட்டியது எந்தக் கணக்கிலோ. ஒரு கேள்வியில் நிறுத்தி, “குறுக்குவெட்டு வரிக்கோடுன்னா என்ன?” என்றார். படத்தைக் காட்டினேன். “அட, சீப்ரா கிராசிங்கு. இப்படி எழுதுனா எவனுக்குப் புரியும்?” அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆறு மணி நேர வகுப்பில் உட்கார்ந்தார். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரே நரைத்த தலை. முதல் தேர்வில் 39. அன்று இரவு போனில், “விட்டுரு பாப்பா” என்றார். அம்மா போனைப் பிடுங்கி, “அடுத்த தேதிக்குக் காசு கட்டியாச்சுன்னு சொல்லிட்டேன், இல்லன்னா வரமாட்டாரு” என்று கிசுகிசுத்தார். உண்மையில் கட்டியிருக்கவில்லை, மறுநாள் காலையில்தான் கட்டினோம். இரண்டாம் முறை 45. பினாங்கில் வேலை நேரத்தில் எனக்கு ஒரு படம் வந்தது. திரையில் தெரிந்த எண்ணை யாரையோ கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி, அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கழிவறைக்குள் போய் நின்று பார்த்தேன்.

இப்போது ‘L’ உரிமம் கையில் இருக்கிறது. 250 சிசி வரை ஓட்டும் பி2 உரிமத்துக்குப் பயிற்சி நடக்கிறது. சமநிலையில் குறையே இல்லை. ஒடுக்கமான பலகைமேல் மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் இளவட்டங்கள் சரிந்து விழ, அவர் கோயில் வலம் வருவதுபோல் போய்விடுகிறாராம். தொல்லை வேறிடத்தில். நாற்பது வருடத்துப் பழக்கத்தைவிட, கடைசி மூன்று வருடப் படகுப் பழக்கம் அவரைப் படுத்துகிறது. நிறுத்த வேண்டும் என்றால் கால் தானாகப் பின்னோக்கி மிதிக்கிறது. கப்சாயில் இடது குதிகால் பின்னால் அழுத்தினால் கியர் மாறும். நிற்க வேண்டிய இடத்தில் வண்டி உறுமிக்கொண்டு குதிக்கிறது. பயிற்சியாளர் இளைஞர், “அங்கிள், இது சைக்கிள் இல்ல, அங்கிள்” என்று ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறாராம். தேர்வு அடுத்த மாதம்.

குரூசருக்கு ஏழு கம்பி மாற்றியாகிவிட்டது. முன் பிரேக்கை மட்டும் கழற்றவில்லை. அது உபயோகமானது என்கிறார். முட்டி நன்றாக இருக்கும் நாட்களில் தாமானுக்குள் ஒரு சுற்று போகிறார்.

இயந்திரம் கொட்டகையில் பழைய டயரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வரிசையில் ஒரு பையன், படிவம் மூன்று, இரண்டு முறை வந்து விலை கேட்டிருக்கிறான். அப்பா அவனை உட்காரவைத்து, ஒடிந்த ஏழு கம்பிகளையும் எடுத்துக் காட்டி, உருளை எப்படித் திரும்பியது என்று விளக்கியிருக்கிறார். பையன் மூன்றாம் முறையும் வந்தான். விற்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

“நீ வரும்போது அந்தச் சட்டத் தேர்வுப் புத்தகம் ஒன்னு கொண்டா. தமிழ்ல இருக்கறது.”

“நீங்கதான் பாஸாயிட்டீங்களேப்பா.”

“எனக்கில்ல. அவனுக்குப் பதினாறு ஆகப் போவுது.”